புது கிளட்ச் போட்ட பிறகு கியர் கடிப்பதும் வண்டி உதறுவதும் ஏன்?

தேய்ந்துபோன கிளட்சை மாற்றி, புது செட் போட்டு எடுத்துவந்த கார், ஒர்க் ஷாப் வாசலைத் தாண்டும்போதே ரிவர்ஸில் கர்ரென்று கத்துகிறது. ரோட்டில் அறுபதைத் தொட்டால் காலடியில் தரை அதிர்கிறது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "புது பிளேட்டுங்க சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்ற பதில் வருகிறது. சேலத்தில் இதோடு இன்னொரு யோசனையும் சேர்ந்து வரும்: "ஒரு தடவை ஏற்காடு ஏறி எறங்கிட்டு வாங்க, சரியாப் போயிடும்." முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது யோசனை ஆபத்தானது.

புது பிளேட் ஃபிளைவீலோடு ஒத்துப்போகச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவைதான். அதுவரை கிளம்பும்போது லேசாக உதறலாம், மெல்லிய வாசம் வரலாம். கியர் கடிப்பது அந்தக் கணக்கில் சேராது. கிளட்ச் மாற்றும் முன் கடிக்காத கியர் மாற்றியபின் கடித்தால், ஏதோ ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை, அல்லது பொருத்தும்போது சேதமாகிவிட்டது. எது என்பதைப் பெரும்பாலும் கியர் பாக்ஸை மறுபடி இறக்காமலே கண்டுபிடிக்கலாம். அதற்கு முதலில் உள்ளே நடப்பது புரிய வேண்டும்.

கிளட்ச் கட் ஆவது எப்படி

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது. அது ஃபிளைவீல். அதன்மேல் பிரஷர் பிளேட்டை போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருபுறமும் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பரப்பு) உள்ள கிளட்ச் பிளேட். கிளட்ச் பிளேட்டின் மையத்தில் உள்பக்கம் பல் வெட்டிய துளை இருக்கும். கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் அந்தத் துளையில்தான் நுழைந்து நிற்கிறது. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்தியிருக்கும்வரை இன்ஜின் சுற்றினால் இன்புட் ஷாஃப்டும் கூடவே சுற்றும்.

பெடலை மிதித்தால், கேபிளோ ஆயில் அழுத்தமோ ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. அது பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தியதும் பிளேட்டின் மேலிருந்த பிடி விடுகிறது. கிளட்ச் கட் ஆவது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிடி விடும்போது பிரஷர் பிளேட் பின்னுக்கு நகரும் தூரம் சாதாரண கார்களில் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே. அந்தச் சின்ன இடைவெளியும் கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கத்துக்கும் பங்காகிறது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட தேறுவது சந்தேகம். பிளேட் கொஞ்சம் கோணியிருந்தாலோ, பெடல் தள்ளும் தூரம் கொஞ்சம் குறைந்தாலோ, பிளேட் எங்காவது ஓரிடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் இன்புட் ஷாஃப்ட் நிற்காது. கிளட்ச் வேலையில் அரை மில்லிமீட்டர் பிழை இவ்வளவு தொல்லை தருவது அதனால்தான்.

கியர் ஏன் கடிக்கிறது

கியர் போடுவது என்றால் கியர் பாக்ஸுக்குள் ஒரு ஸ்லீவை நகர்த்தி, வேண்டிய கியரின் ஓரத்திலுள்ள சின்னப் பற்களில் மாட்டுவது. மாட்டும் முன் இரண்டும் ஒரே வேகத்துக்கு வர வேண்டும். வேகத்தை ஒன்றாக்குவது சின்க்ரோ ரிங் என்ற வளையம், பல கார்களில் பித்தளையால் ஆனது. ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் முதலில் பஸ்ஸோடு சேர்ந்து நாலு அடி ஓடிவிட்டுத்தான் கம்பியைப் பிடிக்கிறார். சின்க்ரோ ரிங் செய்வதும் அந்த நாலு அடி ஓட்டம்தான்.

கிளட்ச் முழுதாகக் கட் ஆகியிருந்தால், இந்த வளையம் இன்புட் ஷாஃப்டையும் கிளட்ச் பிளேட்டையும் மட்டும் இழுத்து வேகத்தை மாற்றினால் போதும். இரண்டும் லேசானவை. கட் ஆகாவிட்டால் இன்ஜினே மறுபுறம் பிடித்துச் சுற்றுகிறது. வளையத்தால் இன்ஜினோடு மல்லுக்கட்ட முடியாது. வேகம் ஒன்றாகும் முன்பே பற்கள் மோதுவதால்தான் அந்தச் சத்தம்.

ரிவர்ஸில் இது முதலில் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ ரிங்கே கிடையாது. இன்புட் ஷாஃப்ட் முழுக்க நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். ஆகவே மற்ற கியர்கள் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் வளையம் தேய்கிறது, பற்களின் கூர்முனை மழுங்குகிறது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, பிறகு கிளட்ச் கோளாறைச் சரிசெய்தாலும் கியர் கடிப்பது நிற்காமல் போகலாம். அதற்குள் கியர் பாக்ஸையே பிரித்து வேலை பார்க்க வேண்டிய நிலை வந்திருக்கும், செலவும் பல மடங்காகியிருக்கும். "ஓட ஓட செட் ஆயிடும்" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

உதறலில் வகை உண்டு

"வண்டி உதறுது" என்று மொத்தமாகச் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது உதறுகிறது என்பதைப் பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

1. கிளம்பும்போது மட்டும், ஹாஃப் கிளட்சில், வண்டி குதிரை மாதிரி துள்ளுவது. பெடலை முழுதும் விட்டதும் நின்றுவிடும். லைனிங்கில் எண்ணெய் அல்லது கிரீஸ் பட்டிருப்பது, ஃபிளைவீல் முகம் சீராக இல்லாதது, இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) தளர்ந்திருப்பது ஆகியவை இதற்கான காரணங்கள்.

2. நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே கூடும் அதிர்வு. இது இன்ஜின் வேகத்தோடு சேர்ந்தது. ஃபிளைவீல், பிரஷர் பிளேட், மவுண்டிங், எங்கோ இடிக்கும் சைலன்சர் பைப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றினாலும், வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால் மட்டும் வரும் அதிர்வு. இது சக்கரத்தோடும், கியர் பாக்ஸிலிருந்து போய்ச் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டோடும் சேர்ந்தது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் உடம்பே பிரித்துச் சொல்லும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னக் காரின் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 9 சுற்று சுற்றுகிறது. அதே நேரம் இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் இருந்தால் வினாடிக்கு 40 சுற்று. சக்கரத்தின் அதிர்வு ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தடதடவென்று ஆட்டும். இன்ஜினின் அதிர்வு பெடலிலும் கியர் நாபிலும் விர்ரென்று சிலிர்க்கும்.

கியர் பாக்ஸை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டாம். சமதரையும், சுற்றிலும் ஆள் இல்லாத இடமும் போதும்.

1. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோதும் கியர் இறுக்கமாக விழுந்தால், அல்லது ஏதோ ஒரு கியர் முழுதாக விழாவிட்டால், கோளாறு கியர் கேபிளிலோ லிங்கேஜிலோ (கியர் கம்பி இணைப்புகளிலோ) இருக்கிறது. அணைத்தபோது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால், கிளட்ச் கட் ஆகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

2. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, நியூட்ரலில் கிளட்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அவசரமாகப் போட்டால் கடித்து, காத்திருந்து போட்டால் கடிக்காமல் விழுந்தால், அது ரிவர்ஸின் இயல்பு. காத்திருந்தும் கடித்தால் இன்புட் ஷாஃப்ட் நிற்கவில்லை.

3. பெடலை வேகமாக மூன்று நான்கு முறை பம்ப் அடித்துவிட்டு, அடியில் பிடித்தபடி கியர் போடுங்கள். ஆயில் கிளட்ச் உள்ள வண்டியில் இப்படிச் செய்ததும் கியர் சுலபமாக விழுந்தால், லைனில் ஏர் இருக்கிறது, அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை. கேபிள் வண்டியில் இந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை.

4. சமதரையில் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் கை பிரேக்கை லேசாக மட்டும் இழுத்து, கிளட்சை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி முன்னே இழுத்தால் கிளட்ச் கட் ஆகவில்லை என்பது உறுதி. முன்னால் சுவரோ ஆளோ இருக்கக் கூடாது.

5. எந்தெந்த கியர் கடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே கடித்தால் கிளட்ச். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் கடித்தால், மூன்றாம் கியரின் சின்க்ரோ ரிங் முன்பே தேய்ந்திருக்கலாம். பழைய கிளட்ச் கொடுத்த வேறு தொல்லைகளில் அது கவனத்துக்கு வராமல் போயிருக்கும்.

6. அதிர்வுக்கு: நியூட்ரலில் நிற்கும்போது இன்ஜினை 2,500 வரை ஏற்றி, கிளட்சை விட்டும் மிதித்தும் ஒப்பிடுங்கள். மிதித்தால் கிளட்ச் பிளேட்டும் இன்புட் ஷாஃப்டும் சுற்றுவதை நிறுத்திவிடும். ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்ததும் அதிர்வு போய்விட்டால் கோளாறு பிளேட் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஃபிளைவீல், பிரஷர் பிளேட், மவுண்டிங் பக்கம்.

7. ஓட்டத்தில் வரும் அதிர்வுக்கு: அந்த வேகம் வந்ததும் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்க விடுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் சக்கரமும் டிரைவ் ஷாஃப்டும். இதைச் செய்ய, ஓமலூர் பக்கமோ கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கமோ பின்னால் வண்டி வராத நேராக நீளும் ரோடு வேண்டும். இறக்கத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது.

இறக்காமலே தீரக்கூடியவை

முதலில் மிதியடியைப் பாருங்கள். சர்வீஸுக்குப் போய்வந்த வண்டியில் தடித்த ரப்பர் மேட் மடிந்து கிளட்ச் பெடலுக்கு அடியில் கிடப்பது சாதாரணம். பெடல் ஒரு விரல்கடை குறைவாக இறங்கினாலே, மேலே சொன்ன அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் கணிசமான பங்கு போய்விடும்.

அடுத்து கேபிள். தேய்ந்த பழைய பிளேட்டுக்கு ஏற்பத் தளர்த்தி வைத்த கேபிளைப் புது பிளேட்டுக்கு அப்படியே விட்டிருப்பார்கள். பெடலைக் கையால் அழுத்தினால் கனம் தெரியும் முன் எவ்வளவு தூரம் சும்மா இறங்குகிறதோ, அதுதான் ஃப்ரீ பிளே. அளவு வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அதிகமாக இருந்தால் கிளட்ச் கட் ஆகாது, கியர் கடிக்கும். துளிகூட இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கியர் கடிக்கிறதே என்று கேபிளை அளவுக்கு மீறி இறுக்கிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்போதைக்குச் சத்தம் நிற்கும். புது பிளேட் வழுக்கி வழுக்கிச் சீக்கிரமே தீய்ந்துபோகும்.

ஆயில் கிளட்சாக இருந்தால் ஏர்தான் முதல் குற்றவாளி. கியர் பாக்ஸ் இறக்கும்போது பைப்பைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகாமல் இருக்காது. சில கார்களில் பேரிங்கைத் தள்ளும் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அதில் ஒரு தடவை ஏர் எடுத்தால் போதாது, குமிழ் நிற்கும்வரை பொறுமையாக எடுக்க வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறதா, பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் கனக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் ஏர் இருப்பதற்கான அடையாளம்.

கியர் ஆயிலை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் டிரைவ் ஷாஃப்டை உருவினாலே கியர் ஆயில் வழிந்துவிடும். திரும்ப ஊற்றினார்களா, எவ்வளவு ஊற்றினார்கள், எந்த கிரேடு? மூன்றையும் கேட்க வேண்டும். குறைவாக இருந்தால் கியர் கடிக்கும், சூடேறும், பேரிங் கெடும். கிரேடு மாறினாலும் தொல்லைதான். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில், கிரவுன் வீலுக்கான (சக்கர அச்சிலுள்ள பெரிய பல்சக்கரத்துக்கான) ஜிஎல்-5 ஆயிலை ஊற்றினால், அதன் வழுவழுப்பில் சின்க்ரோ ரிங்குக்குத் தேவையான உராய்வு கிடைக்காது. அதிலுள்ள சில ரசாயனங்கள் பித்தளையையும் அரிக்கக்கூடும். கிளட்ச் சரியாகக் கட் ஆகியும் கியர் கடிக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதிர்வுக்கு வெளியே பார்க்க வேண்டியவை: இன்ஜின், கியர் பாக்ஸ் மவுண்டிங் போல்ட்கள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா, ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டப்பட்டிருக்கிறதா, சைலன்சர் பைப் எங்காவது பாடியைத் தொடுகிறதா, டிரைவ் ஷாஃப்டின் உள்முனை கியர் பாக்ஸுக்குள் டக்கென்று பூட்டிக்கொண்டதா. எல்லாவற்றுக்கும் முன்பாக வீல் நட். சக்கரம் கழற்றிய வேலை என்பதால் அதை இறுக்கிப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பலருக்குத் தோன்றாத ஒன்று எர்த் வயர். கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் கம்பியை வேலையின்போது கழற்றிவிட்டு மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரன்ட் வேறு வழி தேடும். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் அந்த வழி பெரும்பாலும் கிளட்ச் கேபிள்தான். கேபிளின் உள்ளே பிளாஸ்டிக் உருகி, பெடல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும், பிறகு கிளட்ச் கட் ஆகாது. புது கேபிள் போட்டாலும் அதே கதை திரும்பும். ஸ்டார்ட் செய்த உடனே கேபிளைத் தொட்டுச் சூடு தெரிந்தால் எர்த் வயரைத் தேடுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்து, கியரும் கடிக்கிறது, ஆறாவது சோதனையில் பிளேட் பக்கம் அதிர்வும் தெரிகிறது என்றால், இனி வெளியே தேடுவதில் பயனில்லை. இரண்டு குறையும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: கியர் பாக்ஸும் இன்ஜினும் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை, அல்லது நேர்கோட்டில் நிறுத்தும் முயற்சியில் பிளேட் கோணிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? ஒரு சின்னக் காரின் கியர் பாக்ஸே முப்பது நாற்பது கிலோ இருக்கும். ஏற்றும்போது இன்புட் ஷாஃப்ட் முனை கிளட்ச் பிளேட்டின் துளைக்குள் நுழைந்ததும், முழுதாகச் சேரும் முன் ஒருவர் கையை விட்டுவிட்டு போல்ட்டைத் தேடினால், அந்த எடை முழுவதும் பிளேட்டின் மெல்லிய தகட்டில் தொங்கும். பிளேட் கோணுவதற்கு ஒரு நிமிடம் போதும். கிளட்ச் பிளேட்டின் ஓரம் அதிகபட்சம் அரை மில்லிமீட்டர் வரை ஆடலாம் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அதைத் தாண்டினால், பெடலை அடிவரை மிதித்தாலும் பிளேட்டின் ஒரு பக்கம் ஃபிளைவீலையும் மறுபக்கம் பிரஷர் பிளேட்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருக்கும். கேபிளை எவ்வளவு சரிசெய்தாலும் தீராது. இப்படி ஆன பிளேட்டைக் கண்ணால் பார்த்தால் புதிதாகவே தெரியும். ஷாஃப்டில் மாட்டிச் சுற்றவிட்டு, ஓரத்தில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்தால்தான் தெரியும்.

இன்னொரு காரணம் டவல் பின். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் இரண்டு சின்ன உருளை பின்கள் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டுமே உதவும், நேர்கோட்டில் நிறுத்துவது இந்தப் பின்கள்தான். பழைய கியர் பாக்ஸை நெம்பி எடுக்கும்போது ஒன்று கழன்று கீழே விழுந்து, மாட்டாமலே வண்டியைக் கட்டிவிடுவது உண்டு. வண்டி ஓடும். அதிர்வும் கியர் கடிப்பதும் கூடவே ஓடும். நாளடைவில் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் கெடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

பிளேட்டைத் திருப்பி மாட்டுவது: ஃபிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே அச்சிட்டிருக்கும். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டில் இடிக்கும், கட் ஆகாது.

கிரீஸ்: ஷாஃப்டின் பற்களில் மெல்லிய பூச்சு போதும். அள்ளி அப்பினால் சுற்றும்போது சிதறி லைனிங்கில் படியும். அந்த லைனிங்கைத் துடைத்துச் சரியாக்க முடியாது, புது பிளேட்தான் போட வேண்டும். ஆயில் சீல் கசிந்து எண்ணெய் பட்டாலும் அப்படியே.

ஃபிளைவீல்: பழைய கிளட்ச் தீய்ந்த வண்டியில் ஃபிளைவீல் முகத்தில் நீல நிறத் திட்டுகள் இருக்கும். அங்கே இரும்பு கடினமாகியிருக்கும். அதன்மேல் புது பிளேட்டைப் போட்டால் கிளம்பும்போது உதறாமல் இருக்காது. லேத் பட்டறையில் அளவு பார்த்து ஃபேசிங் அடிக்க வேண்டும், அதாவது முகத்தைச் சீராகக் கடைய வேண்டும். பல டீசல் கார்களில் உள்ள டூயல் மாஸ் ஃபிளைவீல் வேறு ரகம். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்தது. அதைச் சாதாரண ஃபிளைவீல் மாதிரி கடைசல் போடக் கூடாது, ஆட்டம் வரம்பைத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும். அதற்கான கிளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. அந்தப் பிளேட்டைச் சாதாரண ஃபிளைவீலில் போட்டால் அதிர்வும் கடகட சத்தமும் நிச்சயம்.

பிரஷர் பிளேட் போல்ட்: எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் வளைந்துவிடும்.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் ஓடும் ஜீப்புகள், பின்சக்கர வேன்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக உண்டு. இவற்றில் இன்புட் ஷாஃப்டின் முனை கிராங்க் ஷாஃப்டுக்குள் இருக்கும் பைலட் பேரிங்கில் உட்காரும். அது இறுகிப்போனால் கிளட்ச் ஒழுங்காகக் கட் ஆனாலும் கிராங்க் ஷாஃப்ட் இன்புட் ஷாஃப்டை நேரடியாகச் சுற்றிவிடும். எல்லா அளவும் சரி, கியர் மட்டும் கடிக்கிறது என்று தலையைச் சொறிய வைப்பது இந்தச் சின்ன பேரிங்தான். கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது நல்லது.

ஏற்காடு ரோட்டில் இது எப்படி முற்றும்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வளைவுக்கு வளைவு இரண்டுக்கும் ஒன்றுக்கும் கியர் இறக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் பாதி வளைவில் நின்று, ஹாஃப் கிளட்சில் கிளம்ப வேண்டும். கட் ஆகாத கிளட்ச் இங்கே தொடர்ந்து உரசிச் சூடாகும். சூட்டில் பிளேட் இன்னும் கோணும், இடைவெளி இன்னும் குறையும்.

ஆயில் கிளட்சில் சூடு வேறு விதமாக வேலை செய்கிறது. கிளட்ச் ஆயில் என்று ஊற்றுவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரகத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு 230-ம் 155-ம். கொதித்தால் குமிழ் வரும், குமிழ் வந்தால் பெடல் சும்மா இறங்கும், கியர் கடிக்கும். சேலத்தில் ஒழுங்காக இருந்த பெடல் மேலே போனதும் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஆறியதும் பழையபடி ஆனால், பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றி ஏர் எடுக்க வேண்டும்.

ஏறும்போது வரும் தொல்லையில் நேரமும் பிளேட்டும் போகும். இறங்கும்போது உயிருக்கே ஆபத்து. மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது தாழ்ந்த கியர்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கப் போகும்போது கியர் கடித்து விழாமல் போனால், அந்தக் கணம் வண்டி நியூட்ரலில் இருக்கிறது. முழு எடையையும் பிரேக் தாங்க வேண்டும். திரும்பத் திரும்ப கியரோடு போராடிக்கொண்டே இறங்கினால் வேகமும் கூடும், பிரேக்கும் சூடாகும். அப்படி ஆனால் கியரை விட்டுவிடுங்கள். அழுத்தமாக ஒரே மிதியில் பிரேக் பிடித்து, ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் நின்றதும் இன்புட் ஷாஃப்டும் நின்றுவிடும், இப்போது முதல் கியர் சத்தமில்லாமல் விழும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வண்டியைத் தூக்கிப் போக ஆள் கூப்பிடுங்கள். இன்னும் நாலு வளைவுதானே என்று இறங்கப் பார்க்காதீர்கள்.

ஒர்க் ஷாப்பில் எதைக் கேட்பது

சண்டை போடத் தேவையில்லை. செய்த சோதனைகளை வரிசையாகச் சொன்னாலே பேச்சு மாறிவிடும். "அண்ணா, இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் நல்லா விழுது, ஓடும்போது அஞ்சு எண்ணிட்டுப் போட்டாலும் ரிவர்ஸ் கடிக்குது, பம்ப் அடிச்சாலும் மாறல" என்று சொன்னால், கேட்பவருக்கு உள்ளே பிளேட் பக்கம் பார்க்க வேண்டும் என்று புரிந்துவிடும்.

கியர் பாக்ஸ் இரண்டாம் முறை இறங்கும்போது முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். டவல் பின் இரண்டும் இருக்கின்றனவா, பிளேட்டில் இடித்த தடம் இருக்கிறதா, லைனிங்கில் கிரீஸ் கறை இருக்கிறதா, ஃபிளைவீலில் நீலத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோணிய பிளேட்டுக்கும் விடுபட்ட பின்னுக்கும் கூலி கேட்பது நியாயமில்லை. ஃபிளைவீல் கடைசல் முதலிலேயே வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அந்தச் செலவு உங்களுடையது. பழைய பாகங்களையும், எந்த கியர் ஆயில் எத்தனை லிட்டர் என்று எழுதிய பில்லையும் வாங்கி வைத்துக்கொள்வது இருவருக்குமே நல்லது.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். கிளட்ச் வேலை சேலத்தில் நடக்கும், வேலை முடிந்த வண்டியின் முதல் ஓட்டமே 20 வளைவு ஏற்றமாகிவிடும். லைனிங் இன்னும் முழுதாகப் படியாத பிளேட்டுக்கு இதைவிட மோசமான ரோடு கிடையாது. வழுக்கிச் சூடேறினால் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், அப்புறம் கிளம்பும்போதெல்லாம் உதறும். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால், முந்நூறிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை ஊருக்குள்ளும் சமதரையிலும் ஓடட்டும், அதற்குப் பிறகு ஏற்றலாம். அதற்கு வழியில்லை என்றால் சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து, அதிகாலையில், சுமையில்லாமல் ஏறுங்கள். வளைவில் வண்டியை ஹாஃப் கிளட்சில் தூக்கிப் பிடித்து நிற்காமல் கை பிரேக்கில் நிறுத்துங்கள். கிளம்பும்போது முதல் கியரில் பெடலை முழுதாக விட்டபிறகே ஆக்சிலரேட்டரை மேலும் மிதியுங்கள்.